பதகளிப்பு: மட்டக்களப்பு வாவிக்கரை வரலாற்றில் ஓர் உளநோய்

மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை நோக்கிச் செல்லும் பெருவீதியிற் சில மைல் தூரம் வடக்கே சென்று சத்துருக்கொண்டானைக் கடந்தவுடன், வாவியை அணைந்தவாறு அமைந்த ஒரு சிற்றூர் எதிர்ப்படும். அதுவே தன்னாமுனை. நீருள் நீண்டு கிடக்கும் நிலத்தை முனை என வழங்குதல் கிழக்கிலங்கை வழக்கு. கத்தோலிக்கர் பெரிதும் வாழும் ஊர் அது. தெற்கே சத்துருக்கொண்டான், வடக்கே மயிலம்பாவெளி, அதற்கப்பால் ஏறாவூர், மேலும் வடக்கே கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்த வந்தாறுமூலை என ஊர்கள் ஒரே வீதியிற் கோக்கப்பட்ட மணிகள் போலக் கிடக்கின்றன. இவ்வூர்களுட் சிலவற்றின் பெயர்கள் 1990ஆம் ஆண்டின் பின்னர் மனித உரிமை அறிக்கைகளில் இடம்பெறலாயின. அவ்வீதியில் வாழ்ந்தோர் அடைந்த அச்சம் யாது, அது சிலரிடத்து நோயாக நிலைத்தது எவ்வாறு, அந்நோயை அம்மக்கள் எப்பெயரால் அறிந்தனர், எங்குச் சென்று ஆறுதல் தேடினர் என்பன ஈண்டு ஆராயப்படும்.

அச்சம் உயிர்க்கு இயல்பு. தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அதனை வைத்து, அது பிறக்கும் இடங்களாக நான்கினைச் சுட்டினார். வருத்துந் தெய்வம், கொடிய விலங்கு, திருடர், தம்மை ஆளுந் தலைவர் என அவற்றை இக்காலத் தமிழிற் கூறலாம். ஆளுந் தலைவனைக் காட்டு விலங்கோடும் திருடரோடும் ஒரே வரிசையில் நிறுத்திய அவ்வகுப்பு, பிற்காலக் கிழக்கிலங்கை வரலாற்றை அறிந்தோரைச் சற்றே நின்று சிந்திக்கச் செய்யும். உள்ளத்து உணர்ச்சி மெய்யின்கண் புலப்படுதலே மெய்ப்பாடு என்பதும் மறக்கற்பாலதன்று. அச்சமுற்றவனுக்கு உடல் நடுங்கும், வியர்க்கும், நாவுலரும். உடலும் உள்ளமும் இரண்டு தனிப்பொருள்கள் என்ற எண்ணம் அவ்விலக்கண நூலாரிடத்து இல்லை. இக்கருத்து பின்னர் வேண்டப்படும்.

வள்ளுவரும் அச்சத்தை முற்றாக இகழ்ந்தாரல்லர். ஆபத்தைக் கண்டு ஒதுங்குதல் அறிவின்பாற்பட்டது என்னுங் கருத்தை அறிவுடைமை அதிகாரத்தில் அவர் வைத்தார். கற்றவர் அவையிற் பேச நடுங்குதலைப் பற்றி எழுபத்து மூன்றாம் அதிகாரத்தைத் தனியே வகுத்தார். அவைக்கு அஞ்சிக் கற்றதைச் சொல்லமாட்டாதாரைப் போர்க்களத்து அஞ்சுவாரோடு அவர் ஒப்பிட்டமை நோக்க, இரண்டாயிரம் ஆண்டு வரையறைக்குள் மனித இயல்பு பெரிதும் மாறிற்றில்லை எனலாம். ஆயினும் வள்ளுவர் அதனைக் குணக்குறையாகக் கண்டார். இக்கால மருத்துவர், அளவு கடந்தவிடத்து, அதனைச் சமூகப் பதகளிப்பு என்னும் நோயாகக் காண்பர். இவ்விரு நோக்குகட்கும் இடையேயுள்ள வேறுபாடே இவ்வரலாற்றின் ஊடுசரடு.

பதகளிப்பு என்னுஞ் சொல் ஈழத்து உளமருத்துவர் ஆங்கிலத்தின் ‘அங்சைற்றி’ என்பதற்கு வழங்கும் சொல். தமிழ்நாட்டார் மனப்பதற்றம் என்பர். மக்கள் வழக்கிலோ இதற்கு ஒரு பெயரன்றிப் பல பெயர்கள் உள. திடுக்கிட்டு அஞ்சிய பிள்ளையைப் ‘பிள்ளை ஏங்கிப்போனது’ என்பர் ஊர்த் தாய்மார். நெஞ்சிடி, நெஞ்சுப் படபடப்பு, மூச்சு முட்டல், தலைச்சுற்று, கை கால் விறைப்பு, ‘ஒரே யோசனை’ என முதியோர் முறைப்படுவர். ஐரோப்பிய மொழிகளிலும் இவ்வாறே. நெரித்தல், இறுக்குதல் என்னும் பொருளுடைய ஒரு பழைய வேரினின்றே ஆங்கிலச் சொல்லும் யேர்மானியச் சொல்லும் பிறந்தன. தொண்டை இறுகுதலும் நெஞ்சு அடைத்தலும் எல்லா நாட்டு மாந்தரும் அறிந்தவை.

அச்சத்தை நோயெனப் பிரித்தறியும் முயற்சி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே உருப்பெற்றது. அதற்குப் போர்க்களங்கள் துணைசெய்தன என்பது துயரான உண்மை. அமெரிக்க உள்நாட்டுப் போரிற் படைவீரர் பலர் காயமெதுவுமின்றி நெஞ்சிடியாலும் மூச்சிறைப்பாலும் வருந்தக் கண்ட யேக்கப் டா கொஸ்ரா என்னும் மருத்துவர், 1871இல் அதனை எளிதிற் கிளரும் இருதயம் என்னும் பொருள்படப் பெயரிட்டு எழுதினார். இருதயத்திற் பழுதைத் தேடியவர் அச்சத்தின் தடத்தைக் கண்டார். கண்டும் அதனை இருதய நோயாகவே கொண்டார். அதே காலத்தில் யேர்மனியில் வெஸ்ற்பால் என்பார், அகன்ற சதுக்கங்களைக் கடக்கமாட்டாது நடுங்கிய சிலரைப் பற்றி எழுதி, சந்தைவெளியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக்கொண்டு அவ்வச்சத்துக்கு ஒரு பெயர் ஆக்கினார். 1895இல் சிக்மண்ட் பிறொயிட், நரம்புத்தளர்ச்சி என்ற பெருமூட்டையினின்று பதகளிப்பு நோயைத் தனியே பிரித்தெடுத்தார். அவர் கூறிய காரணங்களிற் பல பின்னாளிற் கைவிடப்பட்டன. அவர் தீட்டிய நோய்க்குறிகளின் சித்திரமோ இன்றும் பெரும்பாலும் பொருந்துகின்றது.

1915ஆம் ஆண்டு இருவகையிற் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் வோல்ற்றர் கனன் என்னும் அமெரிக்க உடற்றொழிலியலறிஞர், அச்சத்தாலும் சினத்தாலும் உடலில் நிகழும் மாற்றங்களை விளக்கிய நூலை வெளியிட்டார். ஆபத்து நேர்ந்தவிடத்து அதிரினலின் என்னும் சுரப்பு குருதியிற் கலக்க, இருதயம் விரைந்து துடித்துத் தசைகளுக்குக் குருதி ஊட்டுகின்றது. உயிர் எதிர்த்து நிற்கவோ ஓடவோ ஆயத்தமாகின்றது. அதே ஆண்டிற் சாள்ஸ் மையர்ஸ் என்னும் பிரித்தானிய மருத்துவர், பிரான்சின் பதுங்குகுழிகளினின்று வந்த வீரரிடத்துக் கண்ட நடுக்கத்தையும் நினைவிழப்பையும் எறிகணை அதிர்ச்சி என்ற பெயரால் ஆய்விதழில் எழுதினார். இப்பெயர் விரைவில் ஊரெங்கும் பரவிற்று. நடுங்கிய வீரர் கோழைகளெனச் சிலரால் இகழவும் பட்டனர்.

மருந்தின் வரலாறு இதனினும் குறுகியது. 1955இல் மெப்புரோபமேற்றும், 1960இல் லிபிரியமும், 1963இல் வாலியமும் சந்தைக்கு வந்தன. பல ஆண்டுகள் கோடிக்கணக்கானோர் அவற்றை உண்டபின்னரே, பழகியவர் எளிதில் விடமாட்டாத அடிமைத்தனத்தை அவை விளைக்கும் என்பது நன்கு தெளிவாயிற்று. 1958இல் யோசப் வோல்ப் என்பார், அஞ்சும் பொருளைப் படிப்படியாக, உடல் தளர்ந்த நிலையில், எதிர்கொள்ளச் செய்யும் முறையை வகுத்தார். 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய் வகுப்பு நூலின் மூன்றாம் பதிப்பு, பிறொயிட் பிரித்த ஒரு நோயைப் பீதி நோய், பொதுமைப்பட்ட பதகளிப்பு நோய் என இரண்டாக்கிற்று. வியட்நாம் போர் வீரரின் துன்பத்தைத் தழுவி, நெருக்கீட்டின் பின்னான மனவடு நோய் என்ற புதிய பெயரையும் சேர்த்தது. அம்மனவடு நோய் 2013ஆம் ஆண்டுப் பதிப்பிற் பதகளிப்பு நோய்களின் அதிகாரத்தினின்று வேறாக்கப்பட்டுத் தனி இடம் பெற்றது. வகுப்புகள் இவ்வாறு மாறுந்தன்மையன. நோயாளியின் நெஞ்சிடி மாறுவதில்லை.

நோய் நிகழுமாற்றை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இரவில் வாவியில் வலைவீசும் ஒருவனை எண்ணுக. ஒருநாள் தோணியில் இருக்கும்போது, வெளிக்காரணம் எதுவுமின்றி அவன் நெஞ்சு விரைந்து அடிக்கின்றது. ‘இருதயம் நிற்கப்போகின்றது’ என அவன் எண்ணுகின்றான். அவ்வெண்ணம் அச்சத்தை விளைக்க, அச்சம் அதிரினலினைச் சுரக்கச் செய்ய, நெஞ்சிடி மேலும் கூடுகின்றது. அவன் விரைந்து மூச்சு வாங்க, விரல்கள் விறைத்துத் தலை சுற்றுகின்றது. இவற்றைச் சாவின் குறிகளெனக் கொண்டு மேலும் அஞ்சுகின்றான். சில நிமிடங்களில் இஃது உச்சத்தை எட்டித் தானே தணிகின்றது. 1986இல் இங்கிலாந்து உளவியலறிஞர் டேவிட் கிளாக் பீதித் தாக்கத்தை இத்தகைய சுழலாகவே விளக்கினார். மறுநாள் அவன் வாவிக்குச் செல்லத் தயங்குகின்றான். செல்லாதவிடத்து மனம் அமைதியடைகின்றது; அவ்வமைதியே அவனுக்குப் பொறியாகின்றது. தோணிதான் ஆபத்து என்ற எண்ணம் உறுதிப்பட, வாவி போயிற்று. பின் சந்தை போயிற்று. பின் கோவில் திருவிழாவும் போயிற்று. ஈற்றில் வீட்டு விறாந்தையே அவனது உலகமாகின்றது. வருமானம் குன்றுகின்றது, மனைவியும் மக்களும் அவனைச் சுற்றியே தம் நாளை அமைத்துக்கொள்கின்றனர். ‘ஆம்பிளைக்கு என்ன பயம்’ என்னும் ஊரார் சொல் அவன் வாயை அடைக்கின்றது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2019இல் உலகில் 30 கோடியே 10 இலட்சம் மக்கள் பதகளிப்பு நோய்களால் வருந்தினர்; அவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவரே சிகிச்சை பெறுகின்றனர்.

மட்டக்களப்பில் இந்நோயாளர் பண்டு எங்குச் சென்றனர்? பிரித்தானியர் 1847இல் பொறளையில் மனநோயாளர் இல்லமொன்றை நிறுவினர். 1873இற் கட்டளைச் சட்டமொன்றை ஆக்கினர். 1926ஆம் ஆண்டளவில் அங்கொடை வைத்தியசாலை எழுந்தது. இவை யாவும் கொழும்பை அண்டியவை. பிறர்க்கு ஊறு செய்வாரை அடைத்துவைத்தற்கு ஏற்பட்டவை. நெஞ்சிடியால் உறக்கமிழந்த வாவிக்கரைப் பெண்ணொருத்திக்கு அவற்றாற் பயனில்லை. அவள் பரிகாரியிடம் சென்றாள், நூல் கட்டுவித்தாள், நாவூறு கழிப்பித்தாள், பார்வை பார்ப்பித்தாள். மட்டக்களப்பாரோடு பழகினால் பாயோடு ஒட்டவைத்துவிடுவர் என யாழ்ப்பாணத்தார் வேடிக்கையாகக் கூறும் பேச்சு, இந்நாட்டு மந்திரப் புகழுக்குச் சான்று. (அப்பேச்சு மட்டக்களப்பாரின் விருந்தோம்பலையே குறித்தது என்பாரும் உளர், அப்பொருளே சிறந்தது.) வைகாசியிற் கண்ணகி கோவில்களிற் கதவு திறந்து சடங்கு நடத்திக் குளிர்த்தி பாடி அம்மனின் வெம்மை தணிக்கும் வழக்கம், ஊர் முழுவதன் அச்சத்தையும் ஆண்டுக்கொருமுறை ஆற்றுவதாக இருந்தது. வெம்மை நோயும் வெகுளியும், குளிர்மை நலமும் அருளும் என்பது அவ்வழிபாட்டின் உட்கிடை. கத்தோலிக்கர் ஆயித்தியமலைச் சதாசகாய அன்னையிடத்தும், முஸ்லிம்கள் தம் பள்ளிகளிடத்தும் பெரியார் அடக்கத்தலங்களிடத்தும் நேர்ந்துகொண்டனர்.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் இரவு வீசிய சூறாவளி மட்டக்களப்பின் நினைவில் ஓர் எல்லைக்கல். தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர், வீடுகள் கூரையிழந்தன, தென்னந்தோட்டங்கள் பெரும்பாலும் அழிந்தன. முதியோர் இன்றும் ‘சூறாவளிக்கு முன், சூறாவளிக்குப் பின்’ எனக் காலங்கணிப்பர். 1981இற் பிரித்தானிய உளமருத்துவ ஆய்விதழில் இச்சூறாவளி விட்டுச்சென்ற உளநலத் தடம்பற்றி ஒரு கட்டுரை வெளிவந்தது. பிழைத்தவரிடத்துப் பதகளிப்பும், காரணத்தை மீறிய அச்சங்களும், மனச்சோர்வும், உடல் முறைப்பாடுகளும் காணப்பட்டமையை அஃது எடுத்துரைத்தது. கிழக்கிலங்கை மக்களின் அச்சம் அறிவியல் நோக்கில் எழுத்திலேறிய ஆதிச் சான்றுகளுள் ஒன்றாக இதனைக் கொள்ளலாம். ஆயின் கட்டுரை இலண்டனில் அச்சாயிற்று. கிழக்கில் அதன் பயனாக ஒரு சிகிச்சை நிலையமும் எழுந்திலது.

காற்று ஓரிரவில் ஓயும். 1990இல் வந்த அச்சம் ஓயவில்லை. அவ்வாண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டது. ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையில் இருந்த நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் சுடப்பட்டு இறந்தனர். சில நாட்களில் ஏறாவூரிலும் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். இவற்றை விடுதலைப் புலிகளே செய்தனர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட முடிபு. ஆகஸ்ட் 15ஆம் நாள், புனித மிக்கேல் கல்லூரி மாணவர்க்குக் கூடைப்பந்து பயிற்றிய அமெரிக்க யேசுசபைத் துறவி யூஜின் ஹேபர்ட், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டார், வந்து சேர்ந்தாரல்லர். செப்டெம்பர் 5ஆம் நாள் வந்தாறுமூலை வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோரில் 158 பேர் படையினராற் கொண்டுசெல்லப்பட்டு மீளவில்லை. செப்டெம்பர் 9ஆம் நாள் மாலை சத்துருக்கொண்டான், கொக்குவில், பனிச்சையடி, பிள்ளையாரடி ஆகிய ஊர்மக்கள் இராணுவ முகாமுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். குழந்தைகளும் பெண்களும் முதியோருமாக 184 பேர் கொல்லப்பட்டனர் என நீதிபதி பாலகிட்ணர் தலைமையிலமைந்த ஆணைக்குழு பின்னர் கண்டது. தன்னாமுனையார் தெற்கே சென்றாலும் வடக்கே சென்றாலும் இப்பெயர்களுள் ஒன்றைக் கடந்தே செல்லல் வேண்டும்.

அக்காலத்து அச்சத்தை நோயென்று கூறுதல் பொருந்துமா? பொருந்தாது. சுற்றிவளைப்பில் வரிசையாக நிறுத்தப்பட்டு, முகமூடியணிந்த தலையாட்டியின் முன் நடந்துசென்ற இளைஞன் நடுங்கினான் எனில், அந்நடுக்கம் அறிவின் செயல். சோதனைச்சாவடியை அணுகும்போது நாவுலர்ந்த தாய்க்கு மருந்து வேண்டியதன்று. மகன் வீடு திரும்புதலே வேண்டியது. இந்நுட்பத்தை மறந்த சிலர், போருக்குட்பட்ட மக்கள் அனைவரும் மனநோயாளர் என எழுதினர். அஃது இரக்கத்தின் பெயரால் இழைக்கப்பட்ட பிழை. அதன் மறுதலையும் பிழையே. எல்லாரும் அஞ்சினர், ஆதலால் எவரும் நோயாளர் அல்லர் என்று கூறுவார், துப்பாக்கி ஓய்ந்து பல்லாண்டு கழிந்தபின்னும் வாகன ஒலி கேட்டுக் கட்டிலின்கீழ் ஒளியும் ஒருவனைக் கைவிடுகின்றனர். அச்சம் தன் காரணத்தைக் கடந்து வாழ்தலே நோய்க்கு அடையாளம்.

காணாமற்போனோரின் குடும்பத்தார் நிலை இவ்விரண்டின் இடையிலும் கிடந்தது. இறந்தார்க்குக் கொள்ளி வைக்கலாம். எட்டு, அந்தியேட்டி, திவசம் எனத் துயருக்குப் படிகள் உண்டு. காணாமற்போனவனுக்கு ஒன்றுமில்லை. குங்குமத்தை அழிப்பதா, வைப்பதா என்பதே ஒருத்திக்கு நாள்தோறும் எழும் வினா. அமெரிக்க அறிஞர் போலின் பொஸ் இத்தகைய முடிவுறா இழப்பைப் பற்றி ஆராய்ந்து, அது துயரையும் பதகளிப்பையும் உறையவைக்கும் என விளக்கினார். அவரை அறியாத வாவிக்கரைத் தாய்மார், விடை தேடி அம்மன் கோவில்களுக்குச் சென்றனர். 1990களில் மட்டக்களப்பில் தங்கி ஆராய்ந்த மானிடவியலறிஞர் பற்றீசியா லோறன்ஸ் இதனை விரிவாகப் பதிவுசெய்துள்ளார். தெய்வம் ஏறியவர் வாக்குச் சொல்வர். ‘மகன் உயிரோடு இருக்கின்றானா’ எனத் தாய் கேட்பாள். சிலவேளைகளில் வாக்குச் சொல்பவரின் உடலே, காணாமற்போனவன் பட்ட வதையை உணர்ந்து துடிக்கும். வீதியிற் பேசின் உயிருக்கு ஆபத்து; வீட்டிற் பேசின் பிள்ளைகள் நடுங்குவர்; பொலிசில் முறையிடின் மற்ற மகனும் போவான். பேசவும் அழவும் எஞ்சிய இடம் அம்மன் சந்நிதி ஒன்றே. போர்க்காலத்தில் அம்மன் சடங்குகளிலும் தீமிதிப்பிலும் கூட்டம் பெருகியமைக்கு இது காரணம். இதனை மூடநம்பிக்கை என ஒதுக்குவார் உளர். மாவட்டம் முழுவதற்கும் ஓர் உளமருத்துவரும் இல்லாத காலத்தில், அவ்வாறு ஒதுக்குதற்கு எவர்க்கும் உரிமையில்லை. அவ்வாக்குகள் எல்லாம் நன்மை செய்தன என்றும் கூறமுடியாது. வாராத மகன் வருவான் என்ற சொல் சிலரைப் பல்லாண்டு படலையடியிலேயே நிறுத்திற்று.

பிள்ளைகளுக்கென 1996இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிச் சமாதானப் பூங்கா தொடங்கப்பட்டது. யேசுசபைத் துறவியாகிய போல் சற்குணநாயகமும் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் அதற்கு முதல்வர். தமிழ், முஸ்லிம் சிற்றூர்ச் சிறார் ஒருங்கே வந்து, மண்ணில் உருச்செய்தும் கதை கட்டியும் கூத்தாடியும் பொழுது கழித்தனர். நோயின் பெயர் அங்கு உச்சரிக்கப்படவில்லை. அடுத்தடுத்த ஊர்ப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பேய்களாக எண்ணி வளர்ந்த காலத்தில், ஒருவர் களிமண்ணை மற்றவர் பிசைந்தமையே பெரிது.

வடக்கிற் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் உளத்தாக்கத்தை ஆராய்ந்து, வடுப்பட்ட மனங்கள் எனப் பொருள்படும் ஆங்கில நூலை 1998இல் வெளியிட்டார். தமிழர் தம் உளத்துன்பத்தை உடல் முறைப்பாடாகவே பெரிதும் வெளியிடுவர் என்பதை அவரும் பிறரும் எடுத்துக்காட்டினர். இங்கேதான் தொல்காப்பியனாரின் மெய்ப்பாடு மீண்டும் நினைவுக்கு வருகின்றது. நெஞ்சு நோகின்றது என்று வருபவள் பொய்யுரைக்கின்றாள் அல்லள். அவளது துன்பம் நெஞ்சில்தான் இருக்கின்றது. ஆயின் மருத்துவர் இருதயத்தைப் பரிசோதித்து ‘உமக்கு ஒன்றுமில்லை’ என்று கூறி அனுப்பிவிடுவர். ஒன்றுமில்லை என்ற அவ்விரு சொற்களே இந்நோயின் வரலாற்றில் மிகுந்த தீங்கிழைத்தவை. அவள் வேறு மருத்துவரை நாடுவாள். விற்றமின் குளிசையும் வயிற்றெரிவுக் குளிசையும் உறக்கக் குளிசையும் வாங்குவாள். உறக்கக் குளிசையை விடமுடியாமல் ஆண்டுகள் செல்லும். டா கொஸ்ராவின் படைவீரர்க்கு நேர்ந்ததும் இதனை ஒத்ததே.

2000ஆம் ஆண்டளவில் உளமருத்துவர் மகேசன் கணேசன் மட்டக்களப்பிற் கடமையேற்றபோது, மாவட்டத்தில் உளநல சேவை என்று சொல்லத்தக்கது ஒன்றும் இருக்கவில்லை. வெறுமையினின்று அதனைக் கட்டியெழுப்பிய வரலாற்றை 2011இல் ஆய்விதழொன்றில் அவரே எழுதினார். மட்டக்களப்பு வைத்தியசாலையில் உளநலப் பிரிவு அமைந்தது. பின் அது வெளியூர்க் கிளினிக்குகளாக விரிந்தது. நோயாளியைக் கொழும்புக்கு அனுப்பி அடைத்துவைக்கும் நூற்றைம்பது ஆண்டு வழக்கம் இம்மாவட்டத்தில் அவ்வாறே தளர்ந்தது.

இச்சேவை வேரூன்றும் வேளையில், 2004 டிசம்பர் 26ஆம் நாட் காலை ஆழிப்பேரலை வந்தது. கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிக் கிடந்த நாவலடி அழிந்தது. கல்லடி, டச்பார் முதலிய இடங்களிற் பலர் மாண்டனர். வாவி தன்னாமுனை போன்ற உட்கரை ஊர்களுக்குக் காவலாய் நின்றது. அதன்பின் வெளிநாட்டு உளவளத்துணையாளர் பலர் வந்திறங்கினர். தமிழறியாதவர் சிலர் மொழிபெயர்ப்பாளரை அருகிருத்தி, மனவடு நோயின் பட்டியலை வைத்து வினாக்களைக் கேட்டுக் குறித்தனர். அமெரிக்க எழுத்தாளர் ஈதன் வோற்றர்ஸ் 2010இல் எழுதிய நூலின் ஓர் அதிகாரம் இதனைக் கடிந்துரைக்கின்றது. இலங்கையரான உளவியலறிஞர் காயத்ரி பெர்னாண்டோவின் ஆய்வுகளை அவர் துணைகொண்டார். மேனாட்டார் தனிமனிதனின் உள்ளத்துள் வடுவைத் தேடினர். இலங்கையரோ உறவு குலைந்தமையையும், குடும்பத்திலும் ஊரிலும் தம் இடத்தை இழந்தமையையும் முதன்மையான துன்பமாகக் கூறினர் என்பது அவ்வாய்வுகளின் சாரம். இக்கண்டனம் பெரும்பாலும் நியாயமானது. எனினும் அதனை முற்றாக ஏற்பின், உலகப் பொதுவான நெஞ்சிடியும் மூச்சு முட்டலும் மறைந்துவிடும். நிலைத்து நின்ற பயன், வந்து சென்ற அந்நியராலன்றி, உள்ளூரிலேயே பயிற்றப்பட்டு வீடுவீடாகச் சென்ற சமூக உதவி அலுவலர்களாலும், உளநலத்துக்கென நியமிக்கப்பட்ட மருத்துவ அலுவலர்களாலும் விளைந்தது.

2012 ஏப்ரில் 11ஆம் நாள் சுமாத்திராவுக்கு அப்பாற் கடலில் நிலம் நடுங்கியபோது எச்சரிக்கை விடுக்கப்பட்டது. கரையோர மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உள்நாடு நோக்கி ஓடினர், பேரலை வரவில்லை. ஓடியது நோயன்று, கற்றறிந்த அச்சம். எச்சரிக்கை நீங்கியபின் பெரும்பாலார் வீடு திரும்பினர். அதன்பின்னும் கடலோசை கேட்கும் வீட்டிற் கண்மூட இயலாதிருப்போரே சிகிச்சைக்கு உரியர். 2019 ஏப்ரில் 21ஆம் நாள் உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் வெடித்த குண்டு, சிறுவர் பலரை உள்ளிட்டோரைப் பலிகொண்டது. பத்தாண்டு முன்னர் ஓய்ந்ததென எண்ணிய அச்சம், மீண்டும் அதே வீதிகளில் நடமாடிற்று; தமிழர் முஸ்லிம்களைக் கண்டும், முஸ்லிம்கள் யாவரையுங் கண்டும் ஐயுற்றனர்.

இன்றைய சிகிச்சை எளிய கூறுகளால் ஆனது. முதலாவது விளக்கம்: நெஞ்சிடி இருதயம் நிற்பதற்கு அடையாளமன்று, உடலின் பழைய காவற்காரன் வேளையறியாது கூவுகின்றான் என நோயாளிக்கு அவர் மொழியிற் சொல்லுதல். அடுத்தது மூச்சை மெல்ல விடப் பழக்குதல். ஈண்டு மரபுச் செல்வம் பயன்படுகின்றது. சாந்தியாசனம், பிராணாயாமம், மந்திர செபம் என்பவற்றைச் சைவர்க்கும், செபமாலையைக் கத்தோலிக்கர்க்கும், திக்ரினை முஸ்லிம்களுக்கும் கற்பிக்கும் முறையைச் சோமசுந்தரம் வடக்கிற் கையாண்டார். அடுத்தது வோல்ப் காட்டிய வழியிற் படிப்படியாகச் செல்லுதல்: முதல் வாரம் படலைவரை, மறுவாரம் சந்திவரை, பின் சந்தைக்கு, பின் தோணிக்கு. அஞ்சிய இடத்தில் அச்சம் தானே தணியும்வரை நிற்றலே அதன் உயிர்நிலை. இடையில் ஓடின் நோய் வலுக்கும். வேண்டியவர்க்கு மனச்சோர்வுக்குரிய மருந்துகளுள் சில மாதக்கணக்கிற் கொடுக்கப்படும். அவை பயன்தரச் சில வாரங்கள் செல்லும். வாலியம் வகையினவோ குறுகிய காலத்துக்கே உரியன.

இவற்றை நாடி வருவோர் பழைய வழியைக் கைவிட்டு வருவதில்லை. கிளினிக் நாளில் மட்டக்களப்பு வைத்தியசாலை வாங்கிற் காத்திருப்போரில் ஒருத்தியின் மணிக்கட்டில் அம்மன் கோவில் மஞ்சள் நூல் இருக்கும். ஒருவரின் கழுத்திற் செபமாலை இருக்கும். எல்லோர் மடியிலும் கிளினிக் கொப்பி இருக்கும். பெயர் அழைக்கப்பட்டவர் உள்ளே சென்று முதலிற் சொல்வது பெரும்பாலும் நெஞ்சிடியைப் பற்றித்தான். கேட்பவர் பொறுத்திருப்பின், 1990ஆம் ஆண்டு பற்றிய பேச்சு அதன்பின்னரே வரும்.